மாமனார் கன்றுக்குட்டியாகப் பிறந்த வீடு

ராம்ரதிக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பத்து நான்கு வருஷம் மாமனார் ஜமுனா சிங்குக்கு முன்னால் முக்காட்டுக்குள்ளேயே போயிற்று. காஜிப்பூர்ப் பக்கம் மருமகள் மாமனாருக்கு முகம் காட்ட மாட்டாள், வாய் திறந்து பேசவும் மாட்டாள். அவர் முற்றத்துக்குள் நுழையுமுன் ஒரு தடவை செருமுவார். இவள் முந்தானையை மூக்குவரை இழுத்துக்கொள்வாள். அந்த அவசரத்தில் கருகிய ரொட்டிகளைக் கொண்டு ஒரு ஊருக்கே விருந்து வைத்திருக்கலாம்.

போன மாசி மாதம் கிழவர் போய்ச் சேர்ந்தார். சரியாகப் பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டின்போது கொல்லையில் பசு ஒரு காளைக்கன்றை ஈன்றது. ஒரு வாரம் கழித்து அந்தக் கன்று முற்றத்து வாசலில் தலையை நீட்டி, "ஹ்ஹும்" என்று செருமியது. ராம்ரதியின் கை தானாக முக்காட்டை இழுத்துவிட்டது. அதைப் புருஷன் சிவ்பூஜன் பார்த்துத் தொலைத்தான்.

"அப்பா வந்துட்டாரு," என்றான், கண் கலங்க.

"சளி பிடிச்சிருக்குங்க. மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்க."

"அப்பாவுக்கு மாட்டு டாக்டரா?"

புரோகிதர் திவாரியும், வீட்டின்மேல் பற்று விடாத ஆத்மா பக்கத்திலேயேதான் பிறக்கும் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து முதல் ரொட்டி கன்றுக்கு, நெய்யும் வெல்லமும் தடவி. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆகவேண்டும்? கன்று கொத்தமல்லிப் பாத்தியை மேய்ந்தது, காயப்போட்ட பாவாடையைத் தின்றது. மாமனாரை "ஹே, போ" என்று எந்த மருமகள் விரட்டுவாள்? முக்காட்டோடு கதவுச் சங்கிலியை ஆட்டிப் புருஷனைக் கூப்பிடுவாள். அவன் வந்து கும்பிட்டுக் கூட்டிப்போவான். ஊரே சிரித்தது.

கார்த்திகையில் அவளுடைய ஒரே தம்பியின் மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக் கண்ணுக்கு அக்காவோ அத்தையோதான் மை தீட்ட வேண்டும். தம்பி கல்யாணத்துக்கே அவள்தான் தீட்டியிருக்க வேண்டியது. கோதுமை அறுப்பு என்று சொல்லிக் கிழவர் வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார். யாரோ பக்கத்து வீட்டுப் பெண் தீட்டினாள். ராம்ரதி மூன்று நாள் அழுதாள். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

பத்து மணி ஜீப்புக்குப் பையோடு கிளம்பினாள். வாசலை அடைத்துக்கொண்டு கன்று படுத்திருந்தது. அவளைப் பார்த்து ஒரு செருமல்.

"பாத்தியா? அப்பா வேணாங்கிறாரு," என்றான் சிவ்பூஜன்.

"படுத்திருக்கு. அவ்வளவுதாங்க."

"அன்னைக்கும் இதே எடத்துலதான் உக்காந்தாரு. பெரியவங்க பேச்சை மீறாத."

வெளியே ஜீப்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். திவாரி அந்த நேரம் பார்த்து மோர் வாங்க வந்தார். ராம்ரதி முக்காட்டுக்குள்ளிருந்தே கேட்டாள்.

"பண்டிட்ஜி, போன பிறவி முறையெல்லாம் இந்தப் பிறவிக்கும் வருமா?"

"வினைதான் வரும், மருமகளே. முறை எங்க வரும்? அதெல்லாம் ஒடம்போட எரிஞ்சு போச்சு. போன பிறவியில நானே உனக்குப் பேரனா இருந்திருப்பேன்."

"அப்ப இதுக்கு வயசு?"

"ஒம்பது மாசம் இருக்குமா?"

"எனக்கு அம்பத்திரண்டு."

ராம்ரதி முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டாள். சிவ்பூஜன் வாயைப் பிளந்தான். அவள் கன்றுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கண்களை அவள் பார்த்ததே இல்லை. ஈரமாக, ஒன்றும் புரியாமல் விழித்தன.

"இங்க பாரு, குட்டி. இந்தப் பிறவியில நான்தான் பெரியவ. அன்னைக்கு என் தம்பிக்கு மை வைக்க விடல நீ. அழுதேன், என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல. இன்னைக்கு நான் உன்கிட்ட அனுமதி கேக்கல, சொல்லிட்டுப் போறேன். எந்திரி."

கன்று அவளை உற்றுப் பார்த்தது. சொரசொர நாக்கை நீட்டித் தாடையிலிருந்து நெற்றிவரை ஒரே நக்கு நக்கியது. பொட்டு போயிற்று. பிறகு எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு கொத்தமல்லிப் பக்கம் நடந்தது.

"அடியே, அப்பா உன் முகத்தைப் பாத்துட்டாரே," என்றான் சிவ்பூஜன், குரல் நடுங்க.

ராம்ரதி முந்தானையால் எச்சிலைத் துடைத்துக்கொண்டு பையைத் தூக்கினாள்.

"பாத்தாரு. பிடிச்சிருக்குபோல."