மெசினும் பலகைத் தட்டியும்

ஹட்டன் கடைத்தெருவில் எங்கள் கடை ஒரு குடையால் இரண்டானது. குடைகளை வாசலில் தொங்கவிட வேண்டும் என்றார் பெரியப்பா. வாசலில் தொங்கினால் விற்பதற்கு முன்பே நனைந்துவிடும் என்றார் அப்பா. பாதி வருடம் மழை பெய்கிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லைதான். ஆனாலும் தீபாவளி முடிந்த கையோடு கடைக்கு நடுவே பலகைத் தட்டி எழுந்தபோது, சண்டை குடையைப் பற்றியது மட்டுமில்லை என்பது எனக்கே விளங்கியது. துணியும் குடையும் பெரியப்பா பக்கம். ஆணி, வயர், பல்பு எல்லாம் அப்பா பக்கம். பொங்கல் கழிந்ததும் தட்டியை எடுத்துவிட்டுச் செங்கல் சுவரே கட்டிவிடுவதாகப் பேச்சு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தபால்காரி வேலை. கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, "ஒங்க பெரியப்பாகிட்ட சொல்லு" என்று அப்பா தொடங்குவார். நான் வாயைத் திறக்குமுன் அந்தப் பக்கத்திலிருந்து, "ஒங்க அப்பாகிட்ட சொல்லு" என்று பதில் வந்துவிடும். சுவர் வந்தால் பெரியப்பா ஒரேயடியாக இல்லாமல் போய்விடுவார் என்று எனக்கு உள்ளூரப் பயம். அதைச் சொல்ல எனக்கு ஒரு தபால்காரி இல்லை.

கார்த்திகையில் ஒருநாள் பெரியப்பா, கொழும்பில் மூடிவிட்ட ஒரு ஹோட்டலிலிருந்து வீடியோ விளையாட்டு மெசின் ஒன்றை லொறியில் கொண்டுவந்து இறக்கினார். அலமாரி உயரம் இருந்தது. துணிக்கட்டுகளுக்கு நடுவே அதற்கு இடமில்லை. வாசலோரம் தட்டியில் சில பலகைகளைக் கழற்றி, அந்த இடைவெளியில் நிறுத்தினார்.

"ஒங்க பெரியப்பாகிட்ட சொல்லு, அது நம்ம பக்கம் ஒரு அடி நீட்டிக்கிட்டு நிக்குது."

"அந்த ஒரு அடிக்கு அவனும் வெளையாடட்டும்னு சொல்லு."

பிறகு பெரியப்பா என்னை அனுப்பி, அப்பாவிடம் கறுப்பு வயர் டேப்பு வாங்கிவரச் சொன்னார். மெசினில் தனியாக இருந்த ஒரு பட்டன்மேல் அதை ஒட்டினார். "அதத் தொடாத, ஷாக் அடிக்கும்" என்றார். நான் கடைக்கு வந்தவர்களையெல்லாம் எச்சரித்தேன்.

அந்தத் திரையில் படம் என்று எதுவும் கிடையாது. கறுப்பில் ஒளிக்கோடுகள் மட்டும்தான். நட்சத்திரம் போலவும் பெட்டி போலவும் சுழன்று வருகிற கோடுகளைச் சுட வேண்டும். ஆளுக்கொரு சின்ன விண்வெளிக் கப்பல். இரண்டையும் ஒரு மெல்லிய கோடு பிணைத்திருந்தது. ஒருவர் பாய்ந்தால் மற்றவரும் இழுபட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் றொசல்லயிலிருந்து ரயிலேறி வருகிற தேயிலைத் தோட்டத்துப் பையன்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே ஆடுவார்கள்.

ஒரு மழை நாள். இரண்டு பக்கத்திலும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். பெரியப்பாவுக்கு ஆட ஆசை வந்துவிட்டது. மெசினுக்கோ இரண்டு பேர் வேண்டும். என்னைக் கள்ளிப்பெட்டிமேல் ஏற்றி எங்கள் பக்கத்தில் நிறுத்தினார். நான் போன இடமெல்லாம் மோதல். அப்பா ஆணி நிறுப்பதுபோல் பாவனை செய்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். கப்பல் மறுபடியும் வெடித்ததும், "எறங்கு" என்றார்.

இருவரும் முகம் பார்க்காமல் ஆடினார்கள். ஆளுக்கொரு திசையில் இழுத்தார்கள். கப்பல்கள் பம்பரமாகச் சுற்றி வெடித்தன. "ஒங்க அப்பாகிட்ட சொல்லு, கொஞ்சம் சும்மா நிக்கச் சொல்லி" என்றார் பெரியப்பா. நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கப்பலும் போய்விட்டது. அந்த விளையாட்டில் தபாலுக்கு நேரமில்லை.

"எடது பக்கம் வருது, அண்ணே. சுடுங்க."

அப்பாதான் சொன்னார். என்னிடம் இல்லை, நேராக அவரிடம். பெரியப்பா சுட்டார். "நீ இழு, நான் பாத்துக்கிறேன்" என்றார். என் வேலை அத்தோடு போயிற்று. நான் கள்ளிப்பெட்டியில் உட்கார்ந்து சிரித்தேன், எதற்கென்று தெரியாமல் அழவும் செய்தேன்.

பொங்கல் கழிந்து, சுவர் கட்ட மேசன் பாஸ் நூலும் மட்டப்பலகையுமாக வந்து நின்றார். "சுவரு கட்டினா மெசின எங்க வைக்கிறது?" என்று இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள். அவர் பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். தட்டிப் பலகைகள் அலமாரித் தட்டுகளாயின. குடைகள் வாசலிலும் தொங்கின, உள்ளேயும் தொங்கின.

சென்ற வருடம் கொழும்பில், பழைய விளையாட்டு மெசின்கள் வைத்திருக்கும் ஓர் இடத்தில் அதே மாதிரி மெசின் ஒன்றைப் பார்த்தேன். அந்தத் தனிப் பட்டனில் டேப்பு இல்லை. என் மகள் அதை அமுக்கப் போனாள். நான் பதறி அவள் கையைப் பிடிப்பதற்குள் அமுக்கிவிட்டாள். ஷாக் அடிக்கவில்லை. கப்பல்களைப் பிணைத்திருந்த கோடு மறைந்தது. ஆளுக்கொன்றாகத் தனித்தனியே ஆடலாம் என்றது திரை.

அங்கேயே நின்று அப்பாவுக்குப் போன் போட்டு, பெரியப்பாவின் தந்திரத்தைச் சொன்னேன். போனில் அப்பாவுக்குப் பின்னால் பெரியப்பா யாருக்கோ குடை விலை சொல்வது கேட்டது.

"மெசின் வந்த மறுநாள் காலையிலேயே நான் டேப்பப் பிரிச்சு அமுக்கிப் பாத்துட்டேன்" என்றார் அப்பா. "பழசு திரும்ப ஒட்டல. புது டேப்பு வெட்டி நான்தான் ஒட்டுனேன்."

அத்தனை தபால் சுமந்தவளுக்கு, அந்த டேப்பும் ஒரு தபால் என்பது அன்று தெரியவில்லை.

அப்பா குரலைத் தாழ்த்தினார். "ஒங்க பெரியப்பாகிட்ட சொல்லிறாத."