படித்துறையில் தமிழ் பேசியவன்

இதைக் கட்டுக்கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படிக்கலாம். பவானிக்கு அதில் வருத்தமில்லை. சிதம்பரம் மேல வீதியில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருப்பவள் அவள். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சிரித்துவிட்டுப் போவாள். ஆனால் சீனாவில் ஒரு கால்வாய்ப் படியில் தன்னோடு பேசியவனைப் பற்றிக் கேட்டால் மட்டும் சிரிக்கமாட்டாள். தையலை நிறுத்திவிட்டு, நடந்ததை நடந்தபடி சொல்லுவாள்.

அவள் மகள் அனுப்பிரியாவுக்கு ஷாங்காயில் வேலை. அப்பா போன பிறகு தனியாக இருக்கும் அம்மாவை ஒரு மாதமாவது தன்னோடு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, போன டிசம்பரில் டிக்கெட் எடுத்து வரவழைத்தாள். ஒரு சனிக்கிழமை, பழைய கால்வாய் ஊர் ஒன்றைப் பார்க்கலாம் என்று கூட்டிப்போனாள்.

அழகான ஊர். அங்கே தெரு இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் தண்ணீர் இருந்தது. வெள்ளைச் சுவர்கள், கறுத்த ஓடுகள். வீட்டுக்கு வீடு பின்வாசலிலிருந்து கல்படிகள் நேராகத் தண்ணீருக்குள் இறங்கின. வளைந்த கல்பாலங்களுக்கு அடியில் படகுகள் போய்வந்தன. நீலத் துணியைத் தலையில் கட்டிய பெண்கள் துடுப்பை ஆட்டிக்கொண்டே பாடினார்கள். கடைகளில் இறைச்சி வெந்துகொண்டிருந்த இனிப்பு வாடை. பிச்சாவரத்தில் படகேறியது ஞாபகம் வருகிறது என்று பவானி மகளிடம் சொன்னாள். அப்படிச் சொன்னபோது வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. அவ்வளவு குளிர். போகிற வருகிற எல்லார் வாயிலும் புகை. சின்னப்பிள்ளை மாதிரி ஊதி ஊதிப் பார்த்துச் சிரித்தாள்.

பொழுது சாயும் நேரம். பாலங்களில் சிவப்பு விளக்குக் கூண்டுகளை ஏற்றிவிட்டார்கள். படகுக்குச் சீட்டு வாங்க நீளமான வரிசை நின்றது. அனுப்பிரியா வரிசையில் நிற்க, பவானி பக்கத்துச் சந்தில் நாலு எட்டு நடந்தாள். அந்தச் சந்தில் கடை இல்லை. ஆளும் இல்லை. சந்து முடிகிற இடத்தில் ஒரு படித்துறை.

"தமிழா நீங்க?"

பவானி திரும்பினாள்.

கீழ்ப்படியில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். நம் ஊர் முகம். அரைக்கைச் சட்டை. அந்நிய மண்ணில் தமிழ் காதில் விழுந்த சந்தோஷத்தில் அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. சிதம்பரம் என்றாள்.

"நான் காடாம்புலியூரு. கொளஞ்சியம்மா மவன். ஜெயப்பிரகாஷ்."

டாக்டருக்குப் படிக்க வந்தானாம். ஊரில் பலா வந்துவிட்டதா என்று கேட்டான். இது மார்கழி, இப்போது எப்படி வரும் என்றாள் அவள். மாதம் மறந்துபோச்சு என்றான்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது.

சட்டை ஈரமாக இருந்தது. தோளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று மழை இல்லை.

அவன் பாதம் தெரியவில்லை. கணுக்கால் வரை தண்ணீருக்குள் நின்றான். அந்தக் குளிரில். மேலே வாப்பா, நனைகிறாயே என்றாள்.

"வர முடியல."

பாலத்துக்கு அடியிலிருந்து ஒரு படகு வந்தது. துடுப்புக்காரி பவானியைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினாள். அவனைப் பார்க்கவே இல்லை. படகு கிளப்பிய அலை படிவரை வந்தது. அவன் காலைச் சுற்றி மட்டும்... தண்ணீர் அசையவில்லை.

பவானி வாயில் புகை வந்துகொண்டிருந்தது.

அவன் பேசினான். புகை வரவில்லை.

"எங்கம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும். கடலூருல கரைச்சாங்கல்ல... அது நான் இல்ல. நான் இங்கதான் இருக்கேன். சொல்லிடுங்க."

பவானி ஒரு எட்டுப் பின்வாங்கினாள்.

"இங்க யாருக்கும் நான் பேசறது புரியல. ரொம்பக் குளுருது."

"அம்மா!"

சந்து முனையில் அனுப்பிரியா சீட்டைத் தூக்கிக் காட்டினாள். பவானி ஒரே ஒரு கணம் திரும்பினாள்.

மறுபடி பார்த்தபோது படி காலி.

மேல்படிக் கல்லில் ஈரத் தடம் இல்லை.

அன்று படகு ஏறவில்லை. அறைக்கு வந்ததும் பவானிக்குக் காய்ச்சல் கண்டது. அனுப்பிரியா எல்லாவற்றையும் கேட்டாள். பொய் என்று சொல்லவில்லை. ஆனால் ஊருக்குப் போய் இதைக் கிளறவேண்டாம் என்றாள். அப்படி ஒரு அம்மா நிஜமாகவே இருந்துவிட்டால், ஆறிய புண்ணைப் போய் ஏன் கீறவேண்டும்? பவானிக்கும் அது சரியென்றே பட்டது. ஊர் திரும்பிய பிறகு நாளைக் கடத்தினாள். ஆனால் தையல் மெஷினை மிதிக்கும்போதெல்லாம் அவன் கேட்டது காதில் நின்றது. தன் பிள்ளை இப்படி ஒருத்தியிடம் சொல்லியனுப்பி, அவள் வந்து சொல்லாமலே இருந்துவிட்டால்? சித்திரையில் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டுக் காடாம்புலியூருக்குப் பஸ் ஏறினாள்.

கொளஞ்சியம்மாள் இருந்தாள். முந்திரி உடைக்கும் வேலை. கொட்டை எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்திருந்தது. சுவரில் அவன் படம், மாலையோடு. அதே முகம்.

கொரோனா சமயத்தில் அங்கேயே இறந்துபோனானாம். காய்ச்சல் என்று சொன்னார்கள். யாரும் போய்ப் பார்க்க முடியாத காலம். படிக்க அனுப்பிவைத்த ஏஜென்ட்டுதான் கடைசியில் சாம்பல் இருந்த ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். கடலூருக்குப் போய்க் கடலில் கரைத்தார்கள். அவன் படித்த ஊர் எது என்று பவானி கேட்டுத் தெரிந்துகொண்டாள். அந்தக் கால்வாய் ஊரிலிருந்து ஒரு பகல் முழுக்க ரயிலில் போகவேண்டிய தூரம். அங்கே எப்படிப் போனான், எதற்குப் போனான், யாருக்கும் தெரியாது.

பவானி சொன்னாள். படித்துறையை, ஈரச் சட்டையை, அவன் சொல்லியனுப்பியதை. கொளஞ்சியம்மாள் அழவில்லை. விரலில் ஒட்டியிருந்த முந்திரித் தோலைத் துடைத்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"குளுருதுன்னானா?"

"இல்ல," என்றாள் பவானி. அவள் சொன்னதில் அது ஒன்றுதான் பொய்.

"அப்ப இங்க வர்றது யாரு?"

பவானிக்குப் புரியவில்லை. கொளஞ்சியம்மாள் பின்வாசல் பக்கம் காட்டினாள். கொல்லையில் ஒரு பெரிய பலா மரம். கடலில் கரைத்துவிட்டு வந்த மறுவாரத்திலிருந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்த மரத்தடியில் யாரோ வந்து உட்காருகிறார்களாம். முகம் தெரியாது. அழுவது மட்டும் கேட்கும். நடுநடுவே ஏதோ சொல்லும். அது தமிழ் இல்லை.

"சீனாவுல படிச்ச புள்ளயாச்சே, செத்தும் அந்தப் பேச்சு மறக்கலன்னு நெனச்சிட்டேன். தெனம் தட்டுல சோறு வெக்கிறேன். ஒருநாளும் தொட்டதில்ல. கோவமாட்டம் இருக்குன்னு நெனச்சேன்."

பவானி கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தாள். அனுப்பிரியாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். அது என்ன சொல்லும், சொல்லிக் காட்டுங்கள் என்று கேட்டாள். கொளஞ்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். நாலு வருஷத்துக்கு மேலாகத் தினமும் கேட்டது. அச்சுப் பிசகாமல் வந்தது.

"ஹுய் ஜியா. ஹுய் ஜியா."

அனுப்பிரியா இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். கொளஞ்சியம்மாள் சொன்னாள்.

"வீட்டுக்குப் போவணும்னு சொல்லுதும்மா," என்றாள் அனுப்பிரியா.

வெயில் இறங்கியிருந்தது. கொளஞ்சியம்மாள் எழுந்து மாடத்தில் விளக்கேற்றினாள். பாஸ்போர்ட்டுக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். நான் போய் அவனைக் கூட்டிவருகிறேன் என்றாள், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிவருகிற மாதிரி. அப்புறம் சட்டியைத் திறந்து தட்டில் சோறு போட்டாள். குழம்பை ஊற்றினாள். தன் பிள்ளை இல்லை என்று தெரிந்த பிறகுமா என்று பவானி கேட்டுவிட்டாள்.

"பெட்டி மாறிப்போச்சு. இவனப் பெத்தவ அங்க எந்தக் கரையில நின்னு தேடுறாளோ."

பின்வாசற்படியில் நின்று செல்போன் பக்கம் திரும்பினாள். சாப்பிடு என்று அந்தப் பேச்சில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். அனுப்பிரியா சொல்லிக்கொடுத்தாள். இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கொல்லை இருட்டிக்கொண்டு வந்தது.

மரத்தடியில் அழுகைச் சத்தம்.

பவானிக்கும் கேட்டது.

கொளஞ்சியம்மாள் தட்டை வைத்தாள். "ச்சி ஃபான்," என்றாள் மெதுவாக. "ச்சி ஃபான், சாமி."

அழுகை நின்றது.

தட்டு... தரையில் லேசாக நகர்ந்தது.

பிறகு மரத்தடியிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது. சின்னக் குரல். பையன் குரல்.

"மா."

அதற்கு மட்டும் யாரும் அனுப்பிரியாவிடம் அர்த்தம் கேட்கவில்லை.