சுந்தரம் அண்ணாச்சி விடாத மூன்று மில்லிமீட்டர்

செய்தி வந்தபோது நான் டெல்லி கிட்வாய் நகரில் ஏணி மேல் நின்றிருந்தேன். எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளர் போனில் பேசினார். "சுந்தரம் அண்ணாச்சி காலைல போயிட்டார். கூடவே வேலை பார்த்தவர் நீங்க. சங்க மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதுங்க." நான் இறங்கவில்லை. கையிலிருந்த பட்டையை அடித்து முடித்தேன். நல்ல வார்த்தையை வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஜனக்புரியில் உங்களில் பலர் வீட்டு ஜன்னலைச் சுற்றி ஓடும் வெள்ளை பிவிசி பட்டை அண்ணாச்சியின் ஒப்பந்தத்தில் வந்தது. அடித்தவன் நான். மரத்தைக் கரையான் அரிக்கும், இதை அரிக்காது என்று சொல்லி விற்றார். உண்மைதான். குளிரில் சுருங்கும், வெயிலில் நீளும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். கேட்டால், "வாங்குதவன்கிட்ட சீக்கு வெவரம் எதுக்குடே?" என்பார். மூலை வெட்டுவதில் கைகாரர், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் ஆட்களுக்குப் புதுமனை புக தைதான் வேண்டும். ஊரில் சரி. டெல்லித் தையில் பல் கிட்டிப்போகும். அப்படி ஒரு தையில் டீச்சர் ஒருவர் வீட்டுப் பால்கனிக்கு நெடுகப் பட்டை அடித்தோம். மறுநாள் பால் காய்ச்சுகிறார்கள். வெயில் காலத்தில் நீள இடம் வேண்டுமே என்று ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று மில்லிமீட்டர் விட்டிருந்தேன். டீச்சர் பார்த்துவிட்டு, "பல்லு விழுந்த மாதிரி இருக்கே" என்றார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"நெருக்கி அடி. ஜல்தி."

"அண்ணாச்சி, மே மாசம் தூக்கிரும்."

"மே மாசத்துல பாத்துக்கிடலாம். நாளைக்கு ஆளு வருதாவ."

அடித்தேன். அது என் தப்பு, மறுக்கவில்லை.

மே வந்தது. பட்டை வயிறு தள்ளியது. ஒரு துண்டு ஆணியோடு பிய்ந்து டீச்சர் கணவரின் ஸ்கூட்டரில் விழுந்தது. சங்கக் கூட்டத்தில், உங்கள் எல்லோர் முன்னாலும் அண்ணாச்சி சொன்னார்: "ஆறுமுகம் அளவைக் கூட்டி வெட்டிட்டான். நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல." என் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷன் ஊரில் இல்லையாம். டீச்சருக்குத் தெரியும், அவர் வாயைத் திறக்கவில்லை. நீங்களும் நம்பினீர்கள். அதன்பின் ஜனக்புரித் தமிழ் வீடு ஒன்றுகூட என்னை அழைக்கவில்லை. ஆண்டு விழாவில் என் மகளை "அளவு தெரியாத ஆறுமுகம் பொண்ணு" என்று அறிமுகம் செய்தார்கள். அவள் அப்புறம் சங்கத்துக்கு வரவே இல்லை.

துக்கம் கேட்கப் போனேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் வீட்டுப் படி ஏறியதில்லை. கூடத்து ஜன்னலில் புதுப் பட்டை. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் இணைப்புகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் மூன்று மில்லிமீட்டர் விட்டு, மேலே பசை பூசி மறைத்திருந்தது. அண்ணாச்சி மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, என்னைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "போன தையில பஞ்சாபி ஆளு ஒருத்தன் வந்து அடிச்சான். இவுகதான் பக்கத்துல நின்னு, ஆறுமுகம் சொன்ன அளவு விடுன்னு ஒவ்வொண்ணா பாத்தாவ."

மதினி அதைப் பெருமையாகச் சொன்னார். தன் ஜன்னலுக்காகச் சொன்ன உண்மையை என் பெயருக்காக ஒரு தடவை சொல்ல அண்ணாச்சிக்கு வாய் வரவில்லை. செத்துவிட்டார் என்பதற்காக நான் அதை மன்னிக்கப் போவதில்லை.

அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது மதினி வாயால் கேட்ட அந்த ஒரு வரியைத்தான். "ஆறுமுகம் சொன்ன அளவு விடு." செயலாளரே, மலரில் அவர் படத்துக்குக் கீழே வேறு எதுவும் வேண்டாம், அதைப் போடுங்கள்.