அம்மா சொன்ன காடு

என் தாய் சொன்ன வார்த்தையை, அவள் முகத்துக்கு முன்னாலேயே, நான் மாற்றிச் சொன்னேன். காட்டைப் புல் என்றேன். போதுமா? இதைவிடப் பச்சையாக எப்படிச் சொல்வது!

நில்லுங்கள், அதற்குள் முகம் சுளிக்காதீர்கள். நான் யாரென்பதையும் கேளுங்கள். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். கொழுந்து பறித்தே அம்மா என்னைப் படிக்க வைத்தாள். அந்தத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகத்தராக உட்கார்ந்த முதல் லயத்துப் பெண் நான்தான். இந்தப் பெருமையை எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்!

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்த முதல் சில வருடங்கள். கொழுந்தை உலர்த்தும் அடுப்பு அப்போது எண்ணெயில் எரிந்தது. எண்ணெய் விலையோ ஏறிக்கொண்டே போனது. தொழிற்சாலையை மூடிவிடலாம் என்று தோட்டத்தை நடத்தும் பெரிய துரை பேசத் தொடங்கினார். மூடினால் எத்தனை வீட்டில் உலை கொதிக்காது, தெரியுமா உங்களுக்கு?

"விறகுக்கு மாறுவோம் சார்" என்றவள் நான். யூகலிப்டஸ் நடுவோம், வெட்டி எரிப்போம், அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். புகையோடு போகும் கரியமில வாயுவை வளரும் மரம் திரும்ப இழுத்துக்கொள்ளும். வானத்துக்கும் கேடில்லை.

கேடில்லைதான்... வெறும் நிலத்தில் நட்டிருந்தால்!

தேயிலை நிலத்தில் ஒரு துண்டுகூடத் துரை தரவில்லை. மலை உச்சியிலிருந்த காட்டைக் காட்டினார். நான் தலையாட்டினேன். அந்த மரங்களும் அவற்றின் அடியில் ஈரம் காயாத கறுப்பு மண்ணும் தலைமுறை தலைமுறையாக அடக்கி வைத்திருந்த கரியெல்லாம், வெட்டிக் கொளுத்தியதும் மேலே போனது. எண்ணெயை நிறுத்தி நாங்கள் தடுத்த புகை அதற்கு முன்னால் எம்மாத்திரம்? நான் நட்ட மரங்கள் அதை ஈடுகட்ட என் ஆயுள் போதாது. அன்றைக்கே எனக்கு இது தெரியும். படித்தவள் அல்லவா!

ஆனாலும் தொழிற்சாலை மூடப்படவில்லை. விறகடுப்பு மூட்டிய அன்று, இயந்திரங்களைக் காக்கும் ரோதமுனிக்குச் சேவல் அறுத்தார்கள். முதல் கொள்ளியை என் கையில் கொடுத்தார்கள். ஒரு பெண்ணின் கையில்! என் நெஞ்சு நிமிர்ந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

மரங்கள் நன்றாக உயர்ந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து தேயிலை வாங்கும் ஓர் அம்மையார் வந்தார். காற்றைக் கெடுக்காத தேயிலை என்று பெட்டியில் அச்சிடலாமா என்று பார்க்க வந்தவர். அவர் துரையிடம் கேட்கவில்லை. கொழுந்து நிறுக்க நின்ற பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டார். அவள் என் அம்மா! இந்த மரங்களுக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று கேட்டார். மொழிபெயர்க்க நின்றவள் நான்.

"பெரிய காடுங்க தொரசானி! பட்டப்பகல்லயே இருட்டா கெடக்கும், அட்டக்கடி தாங்காது. வெட்டிப் பத்த வச்சப்ப மண்ணுகூட நாள்கணக்கா பொகஞ்சுச்சுங்க."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "வெறும் மானாப்புல்தான் இருந்ததாம்."

அம்மையார் அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மா பக்கத்தில் நின்றவர்களிடம் திரும்பி, "எம்புள்ள இங்கிலீசு பேசுறதப் பாத்தீங்களா!" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

லயத்துக்காகப் பொய் சொன்னேனா, என் பெயருக்காகவா? உண்மையைச் சொல்லியிருந்தால் அடுப்பு அணைந்திருக்குமா? தெரியாது... அதைத் தெரிந்துகொள்ளவும் நான் இடம் வைக்கவில்லை! அந்த அடுப்பு அணையாமல் எரிவதில் எனக்கு இன்றும் பெருமைதான். நீங்கள் என்னைத் திட்டுங்கள். அந்தப் பெருமை குறையாது. குறைந்தால் நன்றாயிருக்குமே என்று நானும் எத்தனையோ முறை நினைத்ததுண்டு.

வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அந்தக் கதையைத்தான் எடுப்பாள்.

"நான் காட்டப் பத்தி ஒண்ணுவிடாம சொன்னேங்க. எம்புள்ள அத அப்படியே தொரசானிக்கிட்ட சொல்லிருச்சு. என்னா புள்ள, சரிதானே?"

"ஆமாம்மா" என்கிறேன்.