கண்ணாடி மூடிக்கு இந்தப் பக்கம்

அண்ணாமலையார் மேல் சத்தியம், என் மூன்று பொண்டாட்டிகள் மேல் சத்தியம், இனி வருவதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. (பொண்டாட்டி ஒருத்திதான். சத்தியத்துக்கு வலு வேண்டுமே என்று இரண்டு சேர்த்துக்கொண்டேன்.) பொய் என்று யாராவது காட்டிவிட்டால் என் பெட்டியில் நானே ஏறிப் படுத்துக்கொள்கிறேன்.

பெட்டி என்றால் ஐஸ் பெட்டி. சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை செத்தவரைக் கெடாமல் வைத்திருக்கும் கண்ணாடி மூடி போட்ட பெட்டி. அதை வாடகைக்கு விடுவதுதான் திருவண்ணாமலையில் என் பிழைப்பு. வாடிக்கையாளரைப் பார்த்து 'மறுபடியும் வாங்க' என்று சொல்ல முடியாத தொழில் இது. பந்தல் போடுகிறவர்களே, சேர் வாடகைக்காரர்களே, குட்டி யானை வண்டி ஓட்டுகிற தம்பிகளே, மற்றவர்களுக்குப் புரியாவிட்டாலும் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

முதல் கேள்வி

போன் வந்தால், செத்தது அப்பாவா அம்மாவா என்று சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும். "பெட்டி இதுக்கு முன்னாடி எங்கே போயிருந்தது?" ஊரில் இருப்பவன், காலனிக்குப் போன பெட்டியா என்பான். டவுன்காரன் நாசூக்காக, "எல்லாருக்கும் தருவீங்களோ?" என்பான். சவூதியிலிருந்து மகன் வரட்டும் என்று காத்திருந்த ஒரு பாய் வீட்டில்கூட, "நல்லா கழுவினீங்களா?" என்று மூன்று பேர் தனித்தனியாக வந்து கேட்டார்கள். எல்லாருக்கும் நான் சொல்வது ஒரே பதில்தான்: "நேத்துதான் கம்பெனியிலேருந்து வந்துது. உங்களுக்குத்தான் முதல் போணி." பல வருஷமாக அந்தப் பெட்டி நேற்றுதான் வந்துகொண்டிருக்கிறது.

ஒரு வீட்டில் மருமகன் கெட்டிக்காரர். பெட்டியின் ஓரத்தில் இருந்த கீறலை நகத்தால் தடவிப் பார்த்து, "புதுசுன்னீங்க, இது இன்னா?" என்றார். நான் கண் சிமிட்டாமல், வரும் வழியில் மலையிலிருந்து ஒரு கிழட்டுக் குரங்கு இறங்கி வந்தது, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் பயந்து பிறாண்டிவிட்டது, பிறகு உள்ளே இறங்கிக் கொஞ்ச நேரம் படுத்தும் பார்த்தது என்றேன். மனிதருக்கு முகம் தெளிந்துவிட்டது.

"குரங்குன்னா பரவாயில்லீங்க. மனுஷன்னாதான் யார்னு தெரியணும்."

தூக்க ஆள் வேணும்

என் வண்டியை ஓட்டுவது ரஃபி. அவன் தாத்தாவுக்கு முந்தின தலைமுறையிலிருந்து இதே டவுனில் இருக்கிற குடும்பம். தேரடிப் பக்கம் ஒரு சந்து வீட்டுக்குப் பெட்டி கொண்டுபோனோம். வீட்டுக்காரரின் அம்மா இறந்திருந்தார். வாசலில் நின்ற உறவுக்காரர் ரஃபியின் தொப்பியைப் பார்த்தார். "பாய் வெளியவே இருக்கட்டும். நம்ம ஆளுங்களே தூக்கிடுவாங்க" என்றார்.

நம்ம ஆளுங்க ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தர் பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாளாம், சாவுப் பெட்டியைத் தொடக் கூடாது. இன்னொருத்தர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். வேறொருத்தருக்கு அடுத்த வாரம் கிரகப்பிரவேசம். பெட்டி வெயிலில் கிடந்தது. உள்ளே அந்தம்மா தரையில் காத்திருந்தார்கள். கடைசியில் வீட்டுக்காரரே வெளியே வந்து ரஃபியின் காதருகே ஏதோ சொன்னார். ரஃபி தொப்பியைக் கழற்றி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். என்னோடு சேர்ந்து தூக்கினான். அந்தம்மாவை மகனோடு சேர்ந்து பெட்டிக்குள் வைத்ததும் அவன்தான். வெளியே வந்து மறுபடியும் தொப்பியைப் போட்டுக்கொண்டான். நான் வண்டியில் ஏறியதும் கத்த ஆரம்பித்தேன். அவன் சாவியைத் திருகினான்.

"விடுண்ணா. தொப்பிதான் வெயிட்டு ஜாஸ்தின்னு பயந்துட்டாங்க."

யாருக்கும் ஒண்ணுமில்லை

இனிமேல் சொல்லப்போவது எல்லாம் ஒரே வீட்டுக் கதை. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு ஊர். மணிலா, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கும் ஒரு பெரியவர் காலமாகிவிட்டார். காலையிலேயே பெட்டியில் வைத்துவிட்டோம். மதியம் எடுப்பதாகப் பேச்சு. பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம், நான் பிளக்கைச் சரிபார்க்கக் குனிந்தபோது என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஐயா, என் பொண்ணு மெட்ராஸ்லேருந்து பஸ் ஏறிட்டா. அவ அப்பன் முகத்தைப் பார்க்கணும். அவளை விடமாட்டேன்றாங்க. எப்படியாவது கொஞ்சம் நிறுத்தி வையுங்க."

விஷயம் இதுதான். அந்தப் பெண் காலனிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். அன்றிலிருந்து ஊருக்குள் கால் வைத்ததில்லை. வாசலில் சாவு மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் அதே காலனிக்காரர்கள்தான். அவர்கள் தெருவுக்குள் வர ஒரு தடையும் இல்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அண்ணன்காரனிடம் போய்க் கேட்டேன். "எனக்கு ஒண்ணுமில்லீங்க பெரியவரே. கூடப் பொறந்தவ. சித்தப்பாதான் ஒத்துக்கமாட்டார்" என்றான். சித்தப்பா, "எனக்கு இன்னா இருக்குது? நான் தூக்கி வளர்த்த பொண்ணு. சம்பந்தி வீட்டுக்காரங்க கோவிச்சிக்கினு போயிடுவாங்க" என்றார். சம்பந்தி, "எங்களுக்கு ஒண்ணுமே இல்லைங்க. ஊர்ல நாட்டாமை இன்னா சொல்வாரோ" என்றார். நாட்டாமை நிழலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். "எனக்கு எதுக்குய்யா பொல்லாப்பு? போனவரே சொல்லிட்டுப் போயிருக்காரே, அவ வரக் கூடாதுன்னு" என்றார்.

ஆக, மொத்தப் பழியும் பெட்டிக்குள் படுத்திருப்பவர் மேல் வந்துவிட்டது. அவரிடம் போய்க் கேட்க முடியாது. அந்தம்மாவிடம் கேட்டேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"அவர் எங்கய்யா சொன்னார்? 'எனக்கு ஒண்ணுமில்லடி, உன் மவன்தான் ஒத்துக்கமாட்டான்'னு சொல்லிச் சொல்லியே போய்ட்டார்."

பெட்டி மக்கர்

மேளம் வேகமெடுத்தது. எடுத்துவிடலாம் என்று நாலு பேர் மூடியைத் திறக்க வந்தார்கள். அப்போது ரஃபியின் போனுக்குச் செய்தி வந்தது. அந்தம்மா அவன் நம்பரைத்தான் மகளுக்குக் கொடுத்திருந்தார். மகள் தெருமுனை பஸ் நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். அங்கேயே இரண்டு பையன்கள் மறித்து நிறுத்தியிருக்கிறார்கள்.

நான் மூடி மேல் பொத்தென்று குறுக்கே விழுந்தேன். "தொடாதீங்க! ரப்பர் உறைஞ்சுபோச்சு. உள்ளே கேஸ் கட்டிக்கினு இருக்குது!" போளூர்ப் பக்கம் ஒரு ஊரில் இப்படித்தான் அவசரப்பட்டுத் திறந்தார்கள், கேஸ் அடித்ததில் பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரு வாரம் பேச்சு வரவில்லை, பஞ்சாயத்துத் தலைவர் இன்றைக்கும் கையைக் காட்டித்தான் பேசுகிறார் என்று எடுத்துவிட்டேன். நாட்டாமை சேரைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். பேச்சில்லாமல் நாட்டாமை ஏது?

"இதுக்கு என்னய்யா வழி?" என்றார். வண்டியில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அந்தக் கரண்டைக் கொடுத்துப் பெட்டியை மெதுவாக இளக்க வேண்டும் என்றேன். பந்தல் அடைத்திருந்ததால் வண்டி தெருமுனையில், தார் ரோட்டோரம் நின்றது. அங்கே யார் நிற்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாட்டாமை என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"சரி, தள்ளிக்கினு போ. பெட்டி வெளிய போலாம். அந்தப் பொண்ணு உள்ள வரக் கூடாது, ஆமா."

தார் ரோட்டோரம்

மகள் வரக் கூடாத தெருவிலிருந்து அப்பா புறப்பட்டார். சக்கரம் வைத்த பெட்டி. நானும் ரஃபியும் தள்ளினோம். காவல் மாதிரி அண்ணன்காரன் கூட வந்தான். பின்னால் ஊரே பந்தலின் கடைசிக் கால்வரை வந்து, கோடு போட்ட மாதிரி அங்கே நின்றுவிட்டது. புருஷனை இழந்தவள் வெளியே வரக் கூடாதென்று அந்தம்மாவை வாசலிலேயே உட்காரவைத்துவிட்டார்கள்.

மகளுக்கு முப்பது வயதிருக்கும். கையில் ஒரு மாலை. வெயிலில் வாடியிருந்தது. நான் ஒயரைச் செருகி எடுத்துச் செருகி நாடகம் ஆடினேன். அவள் கண்ணாடி மேல் கவிழ்ந்து பார்த்தாள். சத்தம் போட்டு அழவில்லை. மெதுவாக, "ஐயா, ஒரே ஒரு தடவை திறங்க. கால் தொட்டுக்கறேன்" என்றாள்.

ஆயுசு முழுக்க அளந்த பொய்களில் எதுவும் என்னை அப்படிக் கட்டிப்போட்டதில்லை. திறந்தால் மூடி நன்றாகத்தான் இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துபோகும். பந்தல் காலில் நின்று அத்தனை கண்களும் பார்த்துக்கொண்டிருந்தன. "முடியாதும்மா, உறைஞ்சுபோச்சு" என்றேன். அவள் நம்பினாள். மாலையைக் கண்ணாடி மேல் வைத்தாள். கண்ணாடிமேலேயே, அப்பாவின் கால் இருக்கும் இடத்தில், நெற்றியை வைத்துக்கொண்டாள்.

பிறகு அப்பாவின் முகத்துக்கு நேரே வந்து குனிந்தாள். அவள் மூச்சுப்பட்டுக் கண்ணாடி வெளுத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். முகம் தெரியவில்லை. அண்ணன்காரன் தோள் துண்டை எடுத்தான். அவளைப் பார்க்காமல், குனிந்த தலை நிமிராமல், அப்பாவின் முகத்துக்கு நேரே கண்ணாடியைத் துடைத்தான். "அண்ணா" என்றாள். அவன் திரும்பவில்லை. மறுபடியும் வெளுத்தது. மறுபடியும் துடைத்தான்.

பந்தலிலிருந்து நாட்டாமை கையை வாயில் குவித்துக் கத்தினார்: "ரிப்பேர் ஆச்சா?" அண்ணன்காரன் துண்டைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"ஆகலைன்னு சொல்லுங்க பெரியவரே. இன்னும் ஆகலைன்னு சொல்லுங்க."

சொன்னேன். எவ்வளவு நேரம்தான் சொல்ல முடியும்? பெட்டி உள்ளே போனது, அவள் வந்த பக்கமே பஸ் ஏறினாள், அண்ணன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை சாவு வீடு ஏறி இறங்கியதில், பகையைச் சொந்தமாக வைத்திருக்கிறவன் ஒருத்தனைக்கூட நான் கண்டதில்லை, எல்லாரும் பக்கத்து வீட்டிலிருந்து வாடகைக்குத்தான் எடுத்திருக்கிறார்கள், திருப்பிக் கொடுக்கத்தான் ஒருத்தருக்கும் கை வரமாட்டேன் என்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: மூடி அன்று உறையவே இல்லை என்று நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதீர்கள், அந்த ஊருக்கு அடுத்த தடவையும் நான்தான் பெட்டி கொண்டுபோக வேண்டும்.