ஃபாக்ட்னா நிறுத்திவிட்ட கதை

மழை வருமா என்று கேட்பவர்களுக்கு ஃபாக்ட்னா பதில் சொல்வதில்லை. தன் கையிலிருக்கும் குடையை அவர்களிடமே கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்குகிறார். அதுவும் பின்னோக்கிய நடை. கார்க் நகரத்துச் சந்துகளில், ஊர் பார்க்க வந்த பன்னிரண்டு பேரின் முகத்தைப் பார்த்துப் பேசியபடியே, விளக்குக் கம்பங்களில் இடிக்காமல் பின்னால் பின்னால் போவார். அறுபத்தாறு வயது. முப்பது வருடம் தபால்காரர்; இப்போது ஊர் சுற்றிக்காட்டுபவர். "எந்த வீட்டு நாய் கடிக்கும்னு என் காலுக்கே தெரியும்ங்க" என்பார்.

காலையில் சந்தையில் ஆரம்பிப்பார். மசாலாவில் ஊறிய மாட்டிறைச்சி, வெண்ணெய் தடவிப் பளபளக்கும் முட்டை, வேகவைக்காத சிப்பி. சிப்பியைப் பார்த்து முகம் சுளிப்பவர் யாரென்று கூட்டத்தில் தேடிப் பிடிப்பார். "கண்ணை மூடிக்கங்க அம்மணி. கடல்ல விழுந்துட்டீங்க, வாய் திறந்திருந்துச்சு. அவ்வளவுதான் விஷயம்." அந்த அம்மாள் சிரிக்க வாய் திறந்ததும் சிப்பி உள்ளே போய்விடும்.

பிறகு ஆற்றைத் தாண்டி, மேடேறி, மூன்று மணிக்கு ஷாண்டனில் இருக்கும் என் பப்புக்கு வந்துசேர்வார்கள். நான் கறுப்பு பீரை ஊற்றி நுரை அடங்க வைத்திருப்பேன். அது அடங்குவதற்குள் ஒரு கதை சொல்வார். பன்னிரண்டு வருடம் அதே கதைதான். நுரை அடங்குவதும் சிரிப்பு வெடிப்பதும் ஒன்றாக நடக்கும்படி நாங்கள் இருவரும் பழகியிருந்தோம்.

கதை அவர் தம்பி மாலகியைப் பற்றியது. சின்ன வயதில் மாலகிக்குத் திக்குவாய். அம்மா அவனை ட்ரிஷீன் வாங்கக் கடைக்கு அனுப்புகிறாள். ஆட்டு ரத்தத்தைக் குடலில் அடைத்து வேகவைக்கும் பண்டம் அது. பையன் கடைக்காரன் முன்னால் நின்று "ட்... ட்... ட்..." என்கிறான். கடைக்காரன் ஒவ்வொரு 'ட்'டுக்கும் ஒரு துண்டு வெட்டிப் போடுகிறான். ஃபாக்ட்னா உதட்டைக் கோணி, கண்ணை உருட்டி, தம்பியாகவே மாறித் திக்குவார். கூட்டம் சேர்ந்து எண்ண வேண்டும். "ஒண்ணு! ரெண்டு! மூணு!" ஏழில் முடியும். "அப்புறம் ஒரு வாரம் எங்க வீட்ல அதேதான் சாப்பாடு!" நானும் ஒவ்வொரு நாளும் சிரித்தேன். அலுக்கவே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அக்டோபர் மாதம். அன்றைய கூட்டத்தில் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒருவர் காலையிலிருந்து பேசாமல் பின்னாலேயே வந்திருக்கிறார். கதை முடிந்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் தொப்பியைக் கழற்றினார். ஃபாக்ட்னாவின் முகத்தில் கோணிய உதடு கோணியபடியே நின்றுவிட்டது.

லிவர்பூலுக்குப் பிழைக்கப் போன தம்பி. சொல்லாமல் வந்து அண்ணனைத் திகைக்கவைக்க நினைத்து, மனைவி பெயரில் பதிவு செய்திருக்கிறார். அவர் ஏதோ சொல்ல முயன்றார். "ஃபா... ஃபா... ஃபா..."

இதுவும் வேடிக்கையில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டு மேசையருகே இருந்த ஒருவர் உற்சாகமாகக் கை தட்டினார். "ஒண்ணு!" மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "ரெண்டு! மூணு!"

"நிறுத்துங்க! நிறுத்துங்கய்யா!" என்று ஃபாக்ட்னா கத்தினார். அதற்குள் மாலகி வாயை மூடிக்கொண்டார். தொடாத கோப்பையை மெதுவாக என் பக்கம் நகர்த்திவிட்டு வெளியே போனார். ஃபாக்ட்னா பேருந்து நிலையம் வரை ஓடினார். ஆள் அகப்படவில்லை.

மறு வாரமே லிவர்பூலுக்குப் போனார். தம்பி கதவைத் திறந்து, கோட்டை வாங்கி மாட்டி, தேநீரில் பால் ஊற்றி, பிஸ்கட் தட்டை அண்ணன் பக்கம் தள்ளி வைத்தாராம். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும்போது மாலகியின் மனைவி ஹில்டா வாசல்வரை வந்தாள். "கோவமெல்லாம் இல்லைங்க. என்கிட்ட, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட எல்லாம் நல்லாத்தான் பேசுறாரு. உங்க முன்னாடி அவருக்கு வாய் வரமாட்டேங்குது."

இதை என்னிடம் சொன்ன அன்று ஃபாக்ட்னா இன்னொன்றும் சொன்னார். "அன்னிக்குக் கடைக்குப் போக வேண்டியவன் நான்தான்யா. பந்து விளையாடணும்னு அவனைத் தள்ளிவிட்டேன். அவன் மாட்டேன் மாட்டேன்னு அழுதான். அந்த இடத்தை மட்டும் நான் ஒருநாளும் சொன்னதே இல்ல."

ஒவ்வொரு நாளும் அந்தச் சிரிப்புக்காக நுரையை அடக்கி வைத்துக் காத்திருந்தவன் நான்.

இப்போதும் கூட்டத்தை நடத்திக் கூட்டிவருகிறார். சிப்பி உண்டு, குடை உண்டு. எங்கோ கேள்விப்பட்டு, "அந்தத் திக்குவாய்த் தம்பி கதை எங்கே?" என்று கேட்பவர்களுக்கு, "அது நல்ல கதை இல்லீங்க" என்று மட்டும் சொல்கிறார். நான் முன்கூட்டி ஊற்றி வைப்பதில்லை. நுரை அடங்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பிக்குப் போன் செய்கிறார். ஹில்டா எடுத்து மாலகியிடம் கொடுக்கிறாள். யார் போய்ச் சேர்ந்தார்கள், எந்தக் கடை காப்பிக் கடையாக மாறியது என்று ஃபாக்ட்னாவே பேசுகிறார். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்குமாம்.

போன ஞாயிறு என் பப்பிலிருந்து பேசினார்; பாதியில் பேச்சு தீர்ந்துவிட்டது. "இருக்கியாடா?" என்றார். துண்டிக்கவும் மனமில்லாமல் போனோடு தெருவுக்கு வந்தார். எதிரே தேவாலயக் கோபுரத்தில் ஊர் பார்க்க வந்த யாரோ கயிறுகளை இழுத்து மணியடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். மெட்டு பாதியில் தவறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஃபாக்ட்னா போனைக் காதிலிருந்து எடுத்து, தம்பிக்கும் கேட்கும்படி கோபுரத்தை நோக்கித் தலைக்கு மேல் உயர்த்தினார். கை வலிக்கத் தொடங்கியதும் மறு கைக்கு மாற்றி, இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்தார்.