ஸ்டெல்லா இறக்கிய பெட்டிகள்

செவ்வாய்க்கிழமை காலை தறிக்கு நூல் மாட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவின் எண்ணிலிருந்து நம் விளையாட்டுக் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. எழுதியவர் அவருடைய கணவர். "ஸ்டெல்லா காலைல தவறிட்டாங்க. கூட வெளையாடுனவங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு." ஆறு மாதமாக அவர் சிகிச்சையில் இருந்தார் என்பது நம்மில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரைவது ஸ்டெல்லாவின் வேலை. வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் நாற்பது பேர் சேர்ந்து விளையாடும் சர்வர் ஒன்றை நடத்தினார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த விளையாட்டில் ஒரு தீவில் வெறுங்கையோடு கண்விழிப்போம். மரம் வெட்டி, வீடு கட்டி, மற்றவர்களிடமிருந்து தப்பிப் பிழைக்க வேண்டும். செத்தால் மறுபடி வெறுங்கையோடு கண்விழிப்போம். மணிக்கு ஒருமுறை விமானம் வந்து பாராசூட்டில் ஒரு பெட்டியை இறக்கும். உள்ளே துப்பாக்கி, கவசம், மருந்து இருக்கும்.

குடியாத்தத்திலிருந்து நாங்கள் ஏழு பேர் ஒரே அணி. எந்தப் பெட்டியையும் விட்டதில்லை. புதிதாக வருகிறவர்கள் இரண்டு நாள் செத்துச் செத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நாற்பது பேர் பதினைந்தாகக் குறைந்தார்கள். சர்வரையே மூட வேண்டிவரும் என்ற நிலையில் ஸ்டெல்லா விளையாட்டின் விதியை மாற்றும் பிளகின் ஒன்றைச் சேர்த்தார். அதன்பிறகு, அன்றைக்கு அதிக முறை செத்தவர் பக்கத்தில்தான் பெட்டி இறங்கியது. பத்து நிமிடம் அவரைத் தவிர யாராலும் அதைத் திறக்க முடியாது.

மைக்கில் நான் கத்தினேன். "இன்னா ஸ்டெல்லா இது? ஓடிப்போய்ப் பாத்தா பூட்டிக்கினு கெடக்குது!"

"பத்து நிமிசம்தாண்ணா. அப்பறம் யாரு வேணா எடுக்கலாம்."

"ஜெயிக்கிறவனுக்குத்தானே பரிசு?"

"உங்ககிட்டதான் துப்பாக்கி ஜாஸ்தியா கெடக்குதே. கம்மியா இருக்கிறவங்களுக்குப் போட்டா, நீங்க சண்ட போடவும் ஆள் இருக்கும்ல?"

எனக்குக் கோபம் வந்தது. ஆறு பேரையும் அழைத்துக்கொண்டு போய்த் தனி சர்வர் ஆரம்பித்தேன். எல்லாப் பெட்டியிலும் உயர்ந்த துப்பாக்கியாகவே போட்டோம். மூன்றே வாரம். எல்லாரிடமும் எல்லாம் இருந்தது. தீவில் கட்டிய வீட்டின் மொட்டைமாடியில் நின்று வெறும் கடல் நீரைச் சுட்டுக்கொண்டிருந்தோம். "பேஜாரா இருக்குதுப்பா" என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

வெட்கத்தை விட்டுத் திரும்பிப் போனேன். வெறுங்கையோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் நான்கு முறை செத்தேன். அப்போது தலைக்கு மேலே விமானச் சத்தம். என் காலடியில் பெட்டி இறங்கியது. சுற்றிலும் பழைய எதிரிகள் ஓடிவந்து நின்றார்கள். பெட்டிக்குள் கம்பளி, மருந்து, வீட்டுக்கு ஒரு கதவு. எதை முதலில் எடுப்பது என்றே தெரியவில்லை.

மைக்கில் ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. "அது உங்களுதுதாண்ணா. நெதானமா எடுங்க."

நான் விட்டுப்போனதைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அவரும் தவறு செய்வார். 3600 நொடிக்கு ஒரு பெட்டி என்பதில் இரண்டு சுழியத்தை ஒருநாள் விட்டுவிட்டார். வானம் முழுக்கப் பாராசூட். "நிறுத்துங்க" என்று சிலர் கத்த, ஸ்டெல்லா மூச்சுமுட்டச் சிரித்தார். "இருக்கட்டும் விடுங்க, இன்னிக்கு எல்லார்க்கும் பண்டிகை." அன்று ஒருவர்கூட ஒருவரைச் சுடவில்லை. அள்ளவே நேரம் போதவில்லை.

அடக்கத்துக்கு ஆம்பூர் போனேன். அவர் முகத்தை நேரில் பார்த்தது அன்றுதான். தேவாலய வாசலில் நாம் ஒருவரையொருவர் விளையாட்டுப் பெயரால் விசாரித்து அடையாளம் கண்டோம். சோளிங்கரிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்திருந்தார். பலமுறை என் வீட்டைக் கொளுத்தியவர் அவர்தான். எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

சர்வர் இப்போது என் வீட்டில் ஓடுகிறது. ஸ்டெல்லாவின் கணவர் கொடுத்தனுப்பிய பிளகின் கோப்பைத் திறந்தபோதுதான் கவனித்தேன். பெட்டியில் போடும் ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும், விளையாடும்போது தெரியாதபடி, தமிழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். ஏணிக்குப் பக்கத்தில், "டீச்சர் மலை உச்சில வீடு கட்ட ஆசப்படறாங்க." பூசணி விதைக்குப் பக்கத்தில், "குடியாத்தம் அண்ணனுக்கு. சண்டைய விட அவருக்குத் தோட்டம்தான் புடிக்கும். அவருக்கே இன்னும் தெரியல."

சிரித்துவிட்டேன். உண்மைதான். துப்பாக்கியைத் தொட்டு மாதக்கணக்காகிறது. அந்தத் தீவின் வடக்குக் கரையில் எனக்கு நாலு பாத்தி பூசணி இருக்கிறது.

ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வரி. ஓர் எழுத்தையும் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன். புதிதாக யாராவது வந்தால், அவருக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்து, அதன் கீழே நானும் ஒரு வரி எழுதுகிறேன்.